டர்போ போய்விட்டதா, ட்யூப் கிழிந்ததா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு 2 லிட்டர் டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் மிதித்தால் 'உஸ்ஸ்' என்று சத்தம்தான் வருகிறது, இழுவை இல்லை. ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோடு (பிழைக் குறியீடு) காட்டுகிறது. டர்போவையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தக் கோடு காற்றழுத்தம் போதவில்லை என்றுதான் சொல்கிறது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ செத்துவிட்டது என்று சொல்லவில்லை. உஸ்ஸ் சத்தம் வருவதால் எனக்கு முதல் சந்தேகம் இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பாகம்) போய்வரும் ரப்பர் ஹோஸ்கள் மேல்தான். இன்ஜின் ஆறிய பிறகு அவற்றைக் கழற்றி, மடிப்புகளைக் கையால் வளைத்து அடிப்பக்கம் வரை பாருங்கள், ஏனென்றால் சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் கீறல் அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியவில்லையா, ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசியும். அப்புறம் வேஸ்ட்கேட்டுக்கு (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு) போகும் மெல்லிய வேக்குவம் ட்யூப், டைவர்ட்டர் வால்வின் (மிதியை விடும்போது மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வு) டயாஃப்ரம் என்கிற சவ்வு, இரண்டையும் பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, டர்போ ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடினாலோ, பிளேடு உறையில் உரசியிருந்தாலோ மட்டும் டர்போவில் கை வையுங்கள். அதுவரை காரை விரட்டி ஓட்ட வேண்டாம்.