தொட்டியை விட்டு ஓடும் மண்புழு: மூச்சு எங்கே அடைத்தது?

மட்டக்களப்பின் களுதாவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்க்கும் போடுவதற்காக ஆறடி நீளத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, மண்புழு உரம் செய்கிறார். ஆறு மாதம் குறையில்லை. கார்த்திகை மழை தொடங்கியதும் தொட்டியைப் பொலித்தீனால் இறுக்கி மூடினார். புழுவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று இரண்டு வாளி மீன் கழிவும் ஒரு சாக்குக் கோழி எருவும் கொட்டினார். நாலாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் புழுக்கள் சுவரில் ஏறி நிற்கின்றன. சில வெளியே விழுந்து செத்துக் கிடக்கின்றன. சில, மணி கோத்த மாலை மாதிரி அங்கங்கே வீங்கி இடையிடையே சுருங்கியிருக்கின்றன. மழைத் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்தனவா என்று கேட்கிறார். வெட்டிவிட்டால் ஒன்று இரண்டாகும், பயப்படாதே என்று பக்கத்து வீட்டு அண்ணர் சொன்னாராம். அது உண்மையா? வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயலில் பிடித்த புழுவைத் தொட்டிக்குள் விடலாமா?

மழையின் மேல் பழி போடாதீர்கள். இந்தச் சாவுக்குக் காரணம் பொலித்தீனும் மீனும் கோழி எருவும்தான்.

மண்புழுவுக்கு நுரையீரலும் இல்லை, செவுளும் இல்லை. அது தோலால் மூச்சு விடுகிற உயிர். தோல் முழுக்க ஒரு மெல்லிய வழுவழுப்பு நீர் எப்போதும் படிந்திருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் முதலில் அந்த ஈரத்தில் கரைகிறது, பிறகு தோலுக்கு அடியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் போகிறது. புழுவின் சிவப்பும் நம்முடைய இரத்தச் சிவப்பும் ஒரே குடும்பம், ஈமோகுளோபின்தான். ஆனால் நமக்குச் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கிற அந்தப் பொருள், புழுவுக்கு இரத்தத்திலேயே நேரடியாகக் கரைந்திருக்கிறது. ஈரம் காய்ந்தால் ஒட்சிசன் உள்ளே போக வழியில்லை. வெளியே விழுந்த புழு, சுற்றிவரக் காற்று இருந்தும் சீமெந்துத் தரையில் மூச்சு முட்டிச் சாவது அதனால்தான்.

அப்படியென்றால் தண்ணீரில் மூழ்கினால்? இங்கேதான் பலருக்கும் தவறான எண்ணம். ஒட்சிசன் நன்றாகக் கரைந்த தெளிந்த தண்ணீரில் மண்புழு நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும், சில இனங்கள் கிழமைக்கணக்கிலும் தாங்கும். அழுகல் சேற்றில் அது நடக்காது. காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் ஒட்சிசன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அந்தக் கொஞ்சத்தையும் மீன் குடலை அழுகவைக்கிற பக்டீரியாக்கள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. மேலே பொலித்தீன் போட்டு இறுக்கினால் புதுக் காற்றுக்கும் வழியில்லை. புழு என்ன செய்யும்? சுவரில் ஏறத்தான் செய்யும்.

அமோனியா இரண்டாவது அடி. புழுவின் உடலில் முன்பக்கத்துச் சில வளையங்கள் தவிர அநேகமாக ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சோடி நுண்குழல்கள் இருக்கின்றன, நமது சிறுநீரகத்தின் வேலையைச் செய்பவை. புழுவே அமோனியாவையும் யூரியாவையும் அவற்றின் வழியே கழிக்கிறது. தன் உடம்பு கழிக்கிற அதே பொருள் வெளியிலிருந்து குடம் குடமாக வந்தால், ஈரத்தோல் அதைத் தடுக்காது, உள்ளே விட்டுவிடும். ஒட்சிசனுக்குத் திறக்கிற கதவுதான் நஞ்சுக்கும் திறக்கிறது. கோழி எருவும் மீனும் அழுகும்போது அமோனியா கிளம்பும் என்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மூடியைத் திறந்ததும் கண் கரித்து மூக்கில் சுரீரென்று ஏறினால் அதுதான். உங்களுக்கே அப்படியென்றால் உடம்பெல்லாம் மூக்காக இருக்கிற அதற்கு எப்படி இருக்கும்?

புதுக் கோழி எரு சூடும் ஏறும். தொட்டிப் புழுக்கள் 25 பாகை செல்சியஸ் அளவில் சுகமாக இருக்கும், 35-ஐத் தாண்டினால் பிழைப்பது கஷ்டம். குவிந்த கோழி எருவின் நடுப்பகுதி 50-ஐயும் எளிதாகத் தாண்டிவிடும்.

அந்த மணிமாலை வீக்கம் வேறு கதை. புழுவுக்குப் பல் கிடையாது. விழுங்கியதை ஒரு தசைப்பை, அதாவது அரைவைப்பை, கூடவே விழுங்கிய மணலைக் கொண்டு அரைக்கிறது, அம்மிக்குக் குழவி மாதிரி. தீனியில் புரதம் மிதமிஞ்சிப் போனால் அது குடலுக்குள்ளேயே புளித்து, வாயு கட்டி, உடம்பை அங்கங்கே வீங்க வைக்கும் என்பது புழு வளர்ப்பவர்கள் கண்ட அனுபவம். வீங்கிய புழு அநேகமாகப் பிழைக்காது. அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். செத்த புழு ஓரிரு நாளிலேயே கரைந்து மறைந்துவிடும் என்பதால், நீங்கள் எண்ணியதைவிட இழப்பு கூடுதலாக இருக்கலாம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற எழுவான்கரைக்காரருக்கு இன்னொரு எச்சரிக்கை, உப்பு. மீன் கழிவோடு உப்பும் வந்திருக்கலாம். உப்புப் பட்டால் புழுவின் உடம்புத் தண்ணீர் தோல் வழியே வெளியே இழுபடும். தீனியில் உப்பு 0.5 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. கருவாடு ஊறவைத்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று நான் ஒருமுறை தொட்டியில் ஊற்றி, அரைத் தொட்டிப் புழுவை ஒரே இரவில் தொலைத்தவன். வாவித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கோடையில் அதில் உப்பு ஏறும். கிணற்றுத் தண்ணீரும் நாக்கில் கரித்தால் தெளிக்காதீர்கள். தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? பொலித்தீனை இன்றைக்கே எடுங்கள். தொட்டிக்கு மேலே நாலு கம்பு நட்டுக் கிடுகால் கூரை போட்டால் மழையும் படாது, காற்றும் ஓடும். மீனும் கோழி எருவும் கிடக்கிற படையை வழித்தெடுத்துத் தூரத்தில் மண்ணுக்குள் புதையுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, அடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தைக் கையால் மெல்லக் கிளறி, காய்ந்த வாழைத்தடல், சருகு, கிழித்த கடதாசி எல்லாம் கலந்து பொதுபொதுவென்று ஆக்குங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், சொட்டே வராவிட்டால் குறைவு. தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு மூன்று கிழமை ஆறப்போட்ட மாட்டெருவை வையுங்கள். மற்றப் பக்கம் சரியில்லை என்றால் புழு தானாகவே அங்கே போய்ச் சேரும்.

இனிமேல் எந்தப் புதுத் தீனியையும் முதலில் ஒரு சிரட்டையில் போட்டு, பத்துப் புழுவை அதன் மேல் விட்டுவிட்டு, மறுநாள் பாருங்கள். எல்லாம் உள்ளே இறங்கியிருந்தால் தொட்டிக்குப் போடலாம். விளிம்பில் ஏறி நின்றால் அதுதான் பதில். இரவில் பார்க்கப் போகும்போது டோர்ச்சில் சிவப்புக் கடதாசி கட்டிக்கொள்ளுங்கள். புழுவுக்குக் கண் இல்லாவிட்டாலும் தோலில் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன, வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடிவிடும். சிவப்பு வெளிச்சம் அதற்கு அவ்வளவாகத் தெரியாது. ஓடாமல் இருக்க விடிய விடிய லைட் போடுகிறவர்களும் உண்டு. அது வாசலில் காவல் போடுகிற வேலைதான், உள்ளே எரிகிற வீடு எரிந்துகொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டு அண்ணர் சொன்னது பிழை. வாலை ஒட்டி வெட்டுப்பட்டால் தலைப்பாதி வாலை வளர்த்துக்கொண்டு பிழைக்கலாம். வால்பாதி கொஞ்ச நேரம் துடிக்கும், அதைத்தான் உயிர் என்று நம்புகிறோம். சில இனங்களில் அந்த வால்துண்டில் தலைக்குப் பதில் இன்னொரு வாலே முளைத்து, வாயில்லாமல் பட்டினியில் சாவதும் உண்டு. மம்பட்டியைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.

வயல் புழுவும் சரிவராது. அது மண்ணைக் குடைந்து மண்ணோடு சேர்த்துத் தின்கிற சாதி. தொட்டிக்கு உரியவை யூட்ரிலஸ், எய்சீனியா போல மேற்பரப்புக் குப்பையில் வாழ்கிறவை. வயலில் இருப்பது வயலிலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு வேலை நிறைய.

புதுப் புழு வாங்க அவசரப்படவும் வேண்டாம். முதிர்ந்த புழுவின் உடலில், தலைக்குக் கிட்டவாக, சற்றுத் தடித்த ஒரு பட்டி தெரியும். இரு புழுக்கள் சேர்ந்து விந்தை மாற்றிக்கொண்ட பிறகு, அந்தப் பட்டியில் சுரக்கிற உறை தலை வழியே கழன்று விழுந்து முட்டைக்கூடாகிறது. புழுவைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான், அதனால் எல்லாமே கூடு இடும். மஞ்சளும் தவிட்டு நிறமுமாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பெரிய புழு தாங்காத நிலைமையைக் கூடு பல நேரம் தாங்கிவிடும். ஆகவே பழைய உரத்தைக் கொட்டிவிடாதீர்கள். நல்ல பகுதியை ஒரு மண்சட்டியில் போட்டு, ஈரம் காயாமல் நிழலில் மூன்று கிழமை வையுங்கள். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும், நூல் மாதிரி, வெளிறிப் போய். அவை தெரிந்ததும் தொட்டியின் மாட்டெரு மூலையில் விடுங்கள்.