அப்பாவின் பணத்தைக் கையாளும் மகனுக்கு எவ்வளவு உரிமை?

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு என் தந்தைக்கு நினைவு தெளிவாக இல்லை. அவர் நல்ல நிலையில் இருந்தபோது எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தைக் கொண்டு வரவு செலவுகளை நானே பார்க்கிறேன். அவருடைய வைப்புத் தொகையை எடுத்து என் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு, பிறகு வட்டியோடு திருப்பிப் போடலாமா? தம்பி கணக்குக் கேட்கிறான், காட்டியாக வேண்டுமா?

பதில்: எடுக்கக் கூடாது. வட்டி சேர்த்துத் திருப்பித் தருவதாக இருந்தாலும், கடன் கொடுப்பவராகவும் வாங்குபவராகவும் நீங்களே இருக்கிறீர்கள். மறுக்க வேண்டியவரோ மறுக்கும் நிலையில் இல்லை. பிறர் பொருளைக் காப்பவர் அதில் தமக்கென்று ஆதாயம் தேடக் கூடாது என்பது பல நாட்டுச் சட்டங்களுக்கும் பொதுவான அடிப்படை.

அதற்கும் முன்னால், உங்கள் பத்திரம் இன்னும் செல்லுமா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் அவருக்காகச் செயல்படும் முகவரின் (இங்கே உங்களின்) அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-ஆம் பிரிவு. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ, அந்த நிலைக்கென்றே முன்கூட்டி எழுதிப் பதிவு செய்யும் நிலைத்த அதிகாரப் பத்திரத்தை அனுமதிக்கிறது. அதிகாரம் முடிந்திருந்தால், ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. பாதுகாவலராக நியமிக்கும்படி நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும்.

அதிகாரம் உறுதியான பிறகும் பணம் அவருடையதே. அது அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் சம்பளக் கணக்கோடு ஒருபோதும் கலக்க வேண்டாம். அவசரத்துக்கு உங்கள் பணத்தில் மருந்து வாங்கினால், ரசீதை வைத்துக்கொண்டு, தேதி, தொகை, காரணம் மூன்றையும் அன்றே நோட்டில் எழுதி, அதே தொகையை மட்டும் அவர் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான தகராறுகள் திருட்டால் வருவதில்லை, எழுதி வைக்காத செலவுகளால்தான் வருகின்றன என்பது என் எண்ணம். அவர் பணத்திலிருந்து உறவினருக்குப் பெருந்தொகையைப் பரிசாகக் கொடுப்பதையும் தவிருங்கள். வீட்டை விற்க நேர்ந்தால், நீதிமன்ற அனுமதி தேவையா என்று முதலில் வழக்கறிஞரிடம் கேளுங்கள். தெளிவான வேளைகளில் அவரால் சொல்ல முடிந்த விருப்பத்தைக் கேட்பதும் உங்கள் கடமையில் அடங்கும்.

தம்பியைப் பொறுத்தவரை, நீங்கள் கணக்குக் கொடுக்க வேண்டியது முதலில் தந்தைக்கு; பாதுகாவலராக உங்களை நியமித்தால் அந்த நீதிமன்றத்துக்கும். ஆயினும் மாதந்தோறும் அந்த நோட்டின் நகலைத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். கடந்த மாதங்களின் செலவுகளையும் ரசீதுகள் கிடைக்கும் அளவுக்கு இப்போதே எழுதத் தொடங்குங்கள்.