பிஎம்ஐ 30-ஐத் தாண்டவில்லை. சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லையா?

கேள்வி: நகரியில் விசைத்தறி நடத்துகிறோம். எனக்கு வயது 46, உயரம் 160 செ.மீ., எடை 72 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு) 30-க்குள் இருப்பதால் பயமில்லை என்றும், சிறுநீரகச் செயலிழப்பு கறுப்பினத்தவருக்கே அதிகம் வரும் என்றும் அமெரிக்காவில் உள்ள என் தம்பி சொல்கிறான். சரியா?

பதில்: உங்கள் பிஎம்ஐ 28.1. ஆசிய மக்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது என்றும், 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் கூறியது. அதே எடையில் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. சர்க்கரை நோயும் முன்கூட்டியே வருகிறது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே சிறுநீரகச் செயலிழப்பு வெள்ளையரைவிட மிக அதிகம் என்பது உண்மைதான். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரில் காணப்படும் ஏபிஓஎல்1 மரபணு வேறுபாடுகளும், உயர் இரத்த அழுத்தமும், சரியான நேரத்தில் மருத்துவம் கிடைக்காத சமூக நிலையும் அதற்குக் காரணங்கள். ஆனால் அதை வைத்து மற்றவர்கள் நிம்மதி அடைய முடியாது. வடக்கு கலிபோர்னியாவில் 3,20,000-க்கும் அதிகமானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், வயது, பாலினம், இனம் போன்றவற்றின் தாக்கத்தை நீக்கிப் பார்த்தபோதும், பிஎம்ஐ 25 முதல் 30 வரை உள்ளவர்களுக்கு இயல்பான எடை உள்ளவர்களைவிட 1.87 மடங்கும், 40-ஐத் தாண்டியவர்களுக்கு 7.07 மடங்கும் சிறுநீரகச் செயலிழப்பு ஆபத்து இருந்தது. செயலிழப்பு வரை சென்றவர்கள் மொத்தத்தில் சிலரே என்பதால் நீங்கள் பதற வேண்டியதில்லை. உடல் பெருக்கும்போது ஒவ்வொரு சிறுநீரக வடிகட்டியும் கூடுதல் அழுத்தத்தில் உழைக்கிறது. நாளடைவில் அது தழும்பேறி, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்குகிறது.

இந்தக் கசிவு வலிக்காது. வீக்கமும் தொடக்கத்தில் தெரியாது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள், ஏனெனில் சிறுநீரகத்தின் செயல்திறன் பெருமளவு குறைந்த பின்பும் அது இயல்பு அளவிலேயே இருக்கக்கூடும். புரதக் கசிவைக் காட்டும் சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் (கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ் இருக்க வேண்டும்), இரத்த அழுத்தமும், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சியும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

தறிக்கூடத்தில் முதுகு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்குவது நம் பகுதியில் சாதாரணமாக இருக்கிறது. எடையால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை இது மேலும் கெடுக்கும் என்பதால், நீங்களும் உங்களிடம் வேலை செய்பவர்களும் இன்றே இதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எடையில் முதல் இலக்காக 4 அல்லது 5 கிலோ குறைத்தால் போதும். இரவில் சோற்றின் அளவைக் குறைத்து, ஊறுகாயையும் அப்பளத்தையும் தள்ளி வைத்து, தினமும் அரை மணி நேரம் நடங்கள். புரதப் பொடி வேண்டாம். அல்புமின் விகிதம் 30-ஐத் தாண்டியிருந்தால், மூன்று மாதத்துக்குள் மீண்டும் பரிசோதித்து, அப்போதும் அதிகமாகவே இருந்தால் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள்.