22 சதவீதம் ஜெயிக்கும் ஜாக்கி, ஆனாலும் கையில் நஷ்டம்: ஏன்?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "இந்த சீசனில் வெற்றிப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஜாக்கி ஏறும் குதிரை மேல் மட்டும் பணம் கட்டிவந்தேன். நூறு ரேஸில் 22 ஜெயித்தார். இருந்தும் கட்டியதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. புள்ளிவிவரத்தை நான் தப்பாகப் படிக்கிறேனா, இல்லை அதில் விஷயமே இல்லையா? கடைசி நேரத்தில் ஜாக்கி மாறினால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்."

நீங்கள் படித்த எண்ணில் தப்பில்லை. படிக்காமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. அது டிவிடெண்ட், அதாவது ஜெயித்த குதிரையின் மேல் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் திரும்பக் கிடைக்கும் தொகை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ரேஸுக்கு 10 வீதம் நூறு ரேஸுக்கு 1,000 கட்டினீர்கள் என்று வையுங்கள். 22 முறை பணம் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம் என்றால், ஜெயித்த ரேஸ்களில் கட்டிய பணத்தையும் சேர்த்துக் கிடைத்த சராசரி டிவிடெண்ட் 3.60 அளவில் இருந்திருக்க வேண்டும். 22 தடவை 36 என்றால் 792. 22 சதவீத வெற்றியில் முதல் தேறவே சராசரி டிவிடெண்ட் 4.55 வேண்டும். அதே பட்டியலின் கீழ்ப்பாதியில் நூறுக்கு 9 ஜெயிக்கிற ஒருவர் இருப்பார். அவருடைய ஒன்பது வெற்றிகளும் சராசரியாக 12.50 கொடுத்திருந்தால், அவரை மட்டும் தொடர்ந்தவர் கையில் 1,125 இருக்கும். எத்தனை முறை ஜெயிக்கிறார் என்பது ஒரு கேள்வி. ஜெயிக்கும்போது என்ன தருகிறார் என்பது வேறு கேள்வி. வெற்றிப் பட்டியல் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

அந்த 22 சதவீதத்திலும் ஜாக்கியின் பங்கு எவ்வளவு, குதிரையின் பங்கு எவ்வளவு? பட்டியலில் மேலே இருப்பவரைத் தேடித்தான் பெரிய ட்ரெய்னர்கள் வருவார்கள். ஒரே ரேஸுக்கு மூன்று குதிரைகள் அழைத்தால், எதில் ஏறுவது என்று அவருக்காக ஆராய்ந்து சொல்ல ஏஜென்ட் இருப்பார். நல்ல குதிரை கிடைப்பதால் ஜெயிக்கிறார், ஜெயிப்பதால் மறுபடி நல்ல குதிரை கிடைக்கிறது. இந்தச் சுழலில் கைத்திறன் எது, கிடைத்த குதிரை எது என்று ஸ்ட்ரைக் ரேட்டை, அதாவது வெற்றிச் சதவீதத்தை, மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

சுழலுக்கு வெளியே போய்ப் பார்க்க ஜப்பானில் ஒரு வாய்ப்பு வந்தது. ஹாரு உராரா என்ற பெண் குதிரை தொடர்ந்து 105 ரேஸ்களில் தோற்று, தோற்றதாலேயே நாடு முழுக்கப் பிரபலமானது. 2004 மார்ச் 22 அன்று ஜப்பானின் கோச்சி மைதானத்தில் அதன் 106ஆவது ரேஸ். ஏறியவர் யுடாகா டாகே, அந்நாட்டின் முதல்நிலை ஜாக்கி. கூட்டம் அலைமோதியது, பணமும் குவிந்தது. பதினொரு குதிரைகளில் ஹாரு உராரா பத்தாவதாக வந்தது. அன்றைக்கு டாகேயின் கை ஒன்றும் மாறிவிடவில்லை.

அதற்காக ஜாக்கியே பொருட்டில்லை என்று சொல்ல மாட்டேன். குதிரைகள் நெருக்கியடிக்கும் ரேஸில் இடைவெளி கண்டு நுழைவது, முன்னால் ஓடும்போது வேகத்தை அளந்து வைப்பது, அனுபவமில்லாத இரண்டு வயதுக் குதிரையைப் பதறாமல் கொண்டுபோவது, இவற்றிலெல்லாம் நல்ல ஜாக்கியின் வேலை கண்ணுக்கே தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது உங்கள் கண்ணுக்குத் தெரிவதுபோல எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. தெரிந்தவுடன் ஆட்ஸில், அதாவது ஜெயித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் விலையில், சேர்ந்துவிடுகிறது.

இதற்கு 1996 செப்டம்பர் 28ஐ விடப் பெரிய சாட்சி கிடையாது. இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானத்தில் அன்று ஏழு ரேஸ், ஏழிலும் ஃபிராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி ஜெயித்தார். கடைசி ரேஸில் அவர் ஏறிய ஃபுஜியாமா கிரெஸ்ட், காலையில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற ஆட்ஸில் கிடந்த குதிரை. ஆறு வெற்றிக்குப் பிறகு ஜனங்கள் கொட்டிய பணத்தில் ஒன்றுக்கு இரண்டாகச் சுருங்கிவிட்டது. குதிரை ஜெயித்தது, கட்டியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் காலையிலிருந்து மாலைக்குள் அந்தக் குதிரையின் கால்கள் மாறவில்லை, சுமந்த எடை மாறவில்லை. மாறியது ஜாக்கியின் பெயருக்கு ஜனங்கள் கொடுக்கத் துணிந்த விலை. அந்த விலையில் அதேபோல நூறு முறை கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஒரு ஜாக்கியை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஆட்ஸ் எதிர்பார்த்ததை விட இவர் அதிகம் ஜெயிக்கிறாரா? செய்முறை எளிது. டோட்டில், அதாவது எல்லாரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறையில், நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கழிவு 20 சதவீதம் என்று வையுங்கள். ஜப்பானில் வின் பந்தயத்துக்கு (முதலாவதாக வரும் குதிரைக்குக் கட்டுவது) அதுதான் அளவு, ஹாங்காங்கில் 17.5. நூறில் எண்பது மட்டும் திரும்பப் பங்கிடப்படுவதால், 0.80ஐ டிவிடெண்டால் வகுத்தால் அந்தக் குதிரைக்கு ஜனங்கள் கொடுத்த வாய்ப்பு வந்துவிடும். ஒரு ஜாக்கி ஏறிய ஐந்து குதிரைகளின் டிவிடெண்ட் 2, 4, 5, 10, 20 என்றால், வாய்ப்புகள் முறையே 0.40, 0.20, 0.16, 0.08, 0.04. கூட்டினால் 0.88. இந்த ஐந்தில் அவரிடம் எதிர்பார்த்தது 0.88 வெற்றி. ஒன்று ஜெயித்திருந்தால் 1ஐ 0.88ஆல் வகுக்க 1.14. இந்த விகிதம் 1க்கு மேல் போனால் எதிர்பார்த்ததைத் தாண்டினார், கீழே போனால் அவர் பெயருக்கு ஜனங்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். தாங்களே ஆட்ஸ் சொல்லிப் பணம் வாங்கும் புக்கிகளிடம் கட்டுபவர்கள் அந்த ரேஸில் உள்ள எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் கூட்டி, மொத்தம் நூறு சதவீதம் வருமாறு சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். விகிதம் 1.10 என்றதும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிப்பார்கள். கழிவு 20 சதவீதம் இருக்கும்போது 1.10 என்றால், நூறு கட்டினால் ஏறத்தாழ 88 திரும்பும். முதல் தேறவே 1.25 வேண்டும். 1.10 எடுப்பவர் நல்ல ஜாக்கிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னால் போனால் மெதுவாகத் தோற்போம். உங்கள் ஜாக்கிக்கு வருவோம். 1,000 கட்டி 792 திரும்பியிருக்கிறது. கழிவு 20 சதவீதம் என்றால் அவர் விகிதம் கிட்டத்தட்ட 1. அவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் இழந்ததில் பெரும்பகுதி டோட்டின் கழிவு.

அடுத்தது, எத்தனை ரேஸைப் பார்த்து முடிவு செய்வது? உண்மையில் 15 சதவீதம் ஜெயிக்கும் திறமையுள்ள ஜாக்கி, நூறு ரேஸில் 8 ஜெயித்தாலும் 22 ஜெயித்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதிர்ஷ்டத்தின் வீச்சு அவ்வளவு அகலம். அதே ஆள் வருடத்துக்கு ஆயிரம் குதிரை ஏறினால், தொடர்ந்து இருபது ரேஸ் தோற்பது சராசரியாக ஐந்தாறு முறை நடக்கும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், ஃபார்ம் போய்விட்டது, மனசு சரியில்லை என்று கதை கட்டுவார். "இவர் சூடாக இருக்கிறார்" என்கிற பேச்சும் அதே ரகம். கடைசி பதினாலு நாள் கணக்கை நான் பார்ப்பதை விட்டே பல வருடங்கள் ஆகின்றன. காயத்திலிருந்து திரும்பியவரா, தடை முடிந்து வந்தவரா என்று அறிய மட்டும் தேதிகளைப் பார்ப்பேன்.

சர் கார்டன் ரிச்சர்ட்ஸ் பிரிட்டனில் 26 முறை சாம்பியன் ஜாக்கி, மொத்தம் 4,870 வெற்றி. டெர்பி என்ற பெரிய ரேஸில் மட்டும் 27 முறை முயன்று ஒன்றும் ஜெயிக்கவில்லை. 1953இல் 28ஆவது முறை பின்ஸா என்ற குதிரையில் ஏறித்தான் ஜெயித்தார். 1952இல் ஒருவர் அவரது டெர்பி கணக்கை மட்டும் எடுத்து, 27க்கு பூஜ்யம், பெரிய ரேஸுக்கு இவர் ஆகமாட்டார் என்று எழுதியிருந்தால் எண்கள் அவர் பக்கம் இருந்திருக்கும், உண்மை இருந்திருக்காது.

இந்த மைதானத்தில், இந்தத் தூரத்தில், ஈரத் தரையில், இந்த ட்ரெய்னரோடு என்று கணக்கை நறுக்க நறுக்க இதே பொறிதான். இருபது விதமாக நறுக்கினால் ஏதாவது ஒரு துண்டு தற்செயலாகவே பளபளக்கும். ஜாக்கியும் ட்ரெய்னரும் சேர்ந்து 5 ரேஸில் 3 வெற்றி, 60 சதவீதம் என்று டிப்ஸ்காரர்கள் போடுவார்கள். அதைப் பார்த்ததும் கற்பனையாக 50 ரேஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் சராசரி அளவான 10 சதவீதம், அதாவது 5 வெற்றி. இப்போது 55க்கு 8, சுமார் 14.5 சதவீதம். 60ஐ விட இதுதான் நம்பத் தகுந்த எண். அந்த ஜோடி 200 ரேஸுக்கு மேல் சேர்ந்து ஓடியிருந்தால் இந்தக் கற்பனை ரேஸ்கள் எண்ணைப் பெரிதாக அசைக்காது. அப்போது நம்பலாம்.

ஆட்ஸோடு ஒப்பிடும் விகிதத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 300 ரேஸில் 40 எதிர்பார்த்து 50 ஜெயித்தால் விகிதம் 1.25. தனிச் சிறப்பு ஏதும் இல்லாத ஒருவருக்கும் வெறும் அதிர்ஷ்டத்தால் அப்படி அமைய இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாற்பது ஜாக்கிகள் உள்ள பட்டியலில் இரண்டு பேர் அப்படித் தெரிவார்கள். போன சீசனிலும் விகிதம் 1க்கு மேல் இருந்ததா என்று பாருங்கள். இரண்டு சீசன் நின்றவரைத்தான் என் நோட்டில் மையால் எழுதுவேன், மற்றவர்களெல்லாம் பென்சில்.

வெற்றியை மட்டும் எண்ணினால் கணக்கு தேற வெகுகாலம் ஆகும். சுருக்கு வழி ஒன்று: ஆட்ஸ் வரிசையில் நான்காவதாக இருந்த குதிரையை அவர் இரண்டாவதாகக் கொண்டுவந்தாரா, ஆறாவதாகக் கொண்டுவந்தாரா என்று ஒவ்வொரு ரேஸிலும் குறித்துக்கொள்ளுங்கள். தோற்ற ரேஸும் ஏதோ ஒன்று சொல்லும். ஆனால் முதல் நான்கு இடங்களுக்குக் கீழே போனதைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி குதிரையை விரட்டுவதை நிறுத்திவிடுவார். எட்டாவதா பத்தாவதா என்பதில் அவர் திறமை இல்லை.

இன்னும் பயிற்சி நிலையில் இருக்கும் அப்ரண்டிஸ் ஜாக்கிகளின் கணக்கைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆட்டத்தில் அதிகம் ஏமாற்றும் எண் இதுதான் என்பது என் எண்ணம். பிரிட்டனில் தட்டையோட்டத்தில் (தடை தாண்டாத ரேஸ்) 20 வெற்றி வரை 7 பவுண்டு எடைச் சலுகை, 50 வரை 5, 95 வரை 3, பிறகு ஒன்றுமில்லை. வேறு இடங்களில் அளவு மாறலாம், அமைப்பு இதேதான். ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ என்பது வழக்கமான கணக்கு. 7 பவுண்டு என்றால் 3 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று குதிரை நீளம் இனாமாகக் கிடைத்த மாதிரி. அந்தச் சலுகையில் 14 சதவீதம் ஜெயித்த பையன் சலுகை குறைந்ததும் அதே 14இல் நிற்பான் என்று நினைப்பது தப்பு. இதற்கு மறுபக்கமும் உண்டு. 7 பவுண்டு சலுகை இருக்கும்போதே விகிதம் 1.2க்கு மேல் எடுக்கும் புதியவனை ஜனங்கள் தாமதமாகத்தான் அடையாளம் காண்கிறார்கள். ஜாக்கிப் புள்ளிவிவரத்தை வைத்து நான் நிஜமாகவே பணம் பார்த்தது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான்.

இப்போது கடைசி நேர மாற்றம். முதலில் காரணத்தைக் கேளுங்கள். முந்தைய ரேஸில் விழுந்தார், எடை இறக்க முடியவில்லை என்றால் அது குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய பெயர் இறங்கியதால் டிவிடெண்ட் 4இலிருந்து 6க்குப் போனால், ஏறியவர் ஓரளவு தேறியவராக இருக்கும்பட்சத்தில் உங்களுக்கு லாபம்தான். ஜாக்கி மாறியதால் அந்தக் குதிரையின் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவது அபூர்வம். அதே லாயத்தின் இரண்டு குதிரைகள் ஓடும் ரேஸில் முதல் ஜாக்கி இதை விட்டு அதில் ஏறினார் என்றால் அது வேறு சங்கதி. அந்தத் தேர்வுக்குப் பின்னால் காலைப் பயிற்சியில் பார்த்தது இருக்கலாம். அங்கேயும் ஒன்றைச் சரிபாருங்கள்: அவர் குறிப்பிட்ட உரிமையாளருக்கு ஒப்பந்தக்காரராக இருந்தால் அது தேர்வே அல்ல, கடமை.

வரும் ரேஸ்களுக்குப் பணம் கட்டாமல், ஒரு நோட்டில் ஐந்து ஜாக்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டு தேதி, டிவிடெண்ட், வாய்ப்பு, ஆட்ஸ் வரிசை, வந்த இடம் என்று எழுதி வாருங்கள். ஜெயித்த குதிரைக்கு மட்டுமே டிவிடெண்ட் அறிவிப்பார்கள் என்பதால், தோற்கும் குதிரைகளுக்கு ரேஸ் கிளம்பும்போது டோட் பலகை கடைசியாகக் காட்டிய எண்ணை அப்போதே எழுதிவிட வேண்டும். ரேஸ் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் நமக்குப் பிடித்த ஜாக்கியின் கணக்கு எப்படியோ அழகாகிவிடும். ஆளுக்கு 200 ரேஸ் சேர்ந்ததும் விகிதத்தைப் போட்டு எனக்கு அனுப்புங்கள், உங்கள் ஜாக்கியையும் சேர்த்து.