எதற்கும் இருக்கட்டும்

அன்புள்ள சார்,

உங்கள் பயணக் குறிப்புகளில் ‘ஒற்றைப் பையோடு போய் இறங்கினேன்’ என்று அடிக்கடி வருகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு முதல்முறையாக நான் வெளிநாடு கிளம்புகிறேன். மூன்று நாடுகள், 18 நாட்கள். தங்கையும் உடன் வருகிறாள். ஆளுக்கு 23 கிலோ பெட்டி ஒன்று, 7 கிலோ கைப்பை ஒன்று கொண்டுபோகலாம். டிக்கெட்டிலேயே அதற்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறோம், ஏன் விட வேண்டும் என்கிறாள் அவள். பெட்டியைக் கட்டி எடைபோட்டேன், 26 கிலோ. எதை வெளியே எடுப்பதென்று தெரியவில்லை. கையில் எடுத்தால் எல்லாமே வேண்டியதாகத் தோன்றுகிறது. ஒரு பையோடு 18 நாள் நிஜமாகவே முடியுமா, இல்லை படிக்க நன்றாக இருக்கும் என்று எழுதுகிறீர்களா? இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே உடையில் நின்றால் ஒரு மாதிரி இருக்காதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

கூச்சத்தோடு கடைசியில் கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் 26 கிலோவில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஆமாம், என் படங்களில் எல்லாம் ஒரே நீலச் சட்டைதான். நான்கு ஊர்ப் பின்னணியில் ஒரே ஆளை வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறேன். வீட்டில் ஒருநாள் கேலி செய்தார்கள், அதோடு சரி. இரண்டாவது ஊரில் உங்களைப் பார்ப்பவருக்கு முதல் ஊரில் என்ன உடுத்தினீர்கள் என்பது தெரியப்போவதில்லை. 18 நாள் படங்களையும் வரிசையாகப் பார்க்கப்போவது நீங்களும் தங்கையும் மட்டும்தான். மற்றவர்கள் நாலாவது படத்திலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். மனது கேட்கவில்லை என்றால் வேறு வேறு நிறத்தில் இரண்டு மெல்லிய ஷால் எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு அது போதும்.

அடுத்து 23 கிலோ. தங்கை சொல்வது சரி, காசு கொடுத்த உரிமைதான். ஆனால் விமானம் அதைச் சுமப்பது சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் சுமப்பது நீங்கள். என் முதல் பயணத்தில் பெட்டி 22 கிலோ. போய்ச் சேர்ந்த ஊரின் சுரங்க ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது. மேலே 62 படிகள். எண்ணாமல் ஏற முடியவில்லை, அதனால் தெரியும். ஒரு படி ஏற வேண்டியது, பெட்டியை இழுத்து வைக்க வேண்டியது, மூச்சு வாங்க வேண்டியது. பாதியில், பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஒன்றும் சொல்லாமல் பெட்டியின் அடியைப் பிடித்துக்கொண்டான். மேலே வந்ததும் நன்றி சொல்லத் திரும்பினேன், ஆளில்லை. அறையில் பெட்டியைத் திறந்தால் மேலாகவே உட்கார்ந்திருக்கிறது, சின்ன இஸ்திரிப் பெட்டி. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது. அதை ஒருமுறைகூடச் சூடாக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். ஊர் திரும்பியபின், பயணம் முழுக்கத் தொடாத சாமான்களை மட்டும் தனியாக எடுத்து எடைபோட்டேன். ஒன்பது கிலோ.

சக்கரம் இருக்கிறதே என்பீர்கள். பெட்டிக்குச் சக்கரம் வைக்கும் யோசனைக்கு பெர்னார்ட் சாடோ என்பவர் காப்புரிமை வாங்கியது 1972இல். இன்று எல்லோரும் இழுத்துப்போகிறோமே, நிமிர்ந்து நிற்கும் நீளக் கைப்பிடிப் பெட்டி, அதை 1987இல் செய்தவர் ராபர்ட் ப்ளாத் என்ற விமானி. விமான நிலையத்துப் பளிங்குத் தரையில் அது அருமையாக உருளும். கல் பாவிய தெருவில் கடகடவென்று ஊரையே எழுப்பும். படியில் அதுவும் ஒரு மூட்டைதான்.

ஒரு பையில் முடியுமா என்று கேட்டீர்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1889 நவம்பர் 14 அன்று கிளம்பி 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தார். உடுத்திய ஒரு கவுன், ஒரு மேல்கோட்டு, கையில் ஒரு சின்னப் பை. அவ்வளவுதான். அந்தப் பையில் ஒரு ஜாடி முகக்கிரீம் இருந்தது. மற்ற சாமான்களையெல்லாம்விட அதுவே இடத்தை அடைத்துக்கொண்டு பையை மூடவிடாமல் உயிரை வாங்கியதாக அவரே பிற்பாடு புலம்பியிருக்கிறார். அவ்வளவு தெளிவான பெண்ணிடமும் ஒரு ‘எதற்கும் இருக்கட்டும்’ இருந்திருக்கிறது பாருங்கள். இந்தக் காலமாக இருந்தால் ஜாடியைப் பாதுகாப்புச் சோதனையிலேயே பிடுங்கியிருப்பார்கள். 2006க்குப் பிறகு கைப்பையில் திரவமோ கிரீமோ 100 மில்லி டப்பாவைத் தாண்டக்கூடாது. சில விமான நிலையங்களில் இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். மூன்று நாடுகள் போகிறவர் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இனி கைவேலை. சாமானைப் பரப்பிவைத்துவிட்டுப் பை தேடாதீர்கள். முதலில் பை, பிறகு சாமான். அந்தப் பையையும் வெறுமையாக எடைபோடுங்கள். கெட்டி ஓடு போட்ட கேபின் பெட்டியே மூன்று கிலோ வரும். ஏழில் மூன்று அங்கேயே போய்விடும். துணிப்பை என்றால் ஒரு கிலோ. மேலுடை நான்கு, கீழுடை இரண்டு, உள்ளாடை ஐந்து. கனமான செருப்பும் கோட்டும் உங்கள் மேலேயே பயணம் செய்யட்டும். எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. குளிர்காலம் என்றாலும் ஒரு தடித்த ஸ்வெட்டருக்குப் பதில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் இரண்டு மெல்லியதே மேல்.

ரகசியம் என்று ஒன்று இருந்தால், அது துவைப்பதுதான். இரவில் அலசி, பிழிந்து, உலர்ந்த துவாலையை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பிப் பாய்போலச் சுருட்டுங்கள். சுருட்டியதன்மேல் ஏறி நில்லுங்கள். துவாலை ஈரத்தைக் குடித்துவிடும், மெல்லிய துணி காலைக்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸ் காயாது. இன்று இரவே வீட்டில் ஒருமுறை செய்துபாருங்கள். காலையில் ஈரமாக இருக்கும் எந்த உடையும் உங்களோடு வர வேண்டாம்.

மருந்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். முழு நாட்களுக்கும், மேலே நாலைந்து நாளுக்கும் சேர்த்து, அட்டை பிரிக்காமல், மருத்துவர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். ஒரு நாட்டில் சாதாரண மருந்து இன்னொரு நாட்டில் தடை. சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பவர் பேங்க்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட் அவர் (பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு) வரை பொதுவாக விடுவார்கள். 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட் அவர். விமான நிறுவனத்தின் சொந்த விதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெட்டியைச் செக்-இன் செய்து அது வராமல் போனால்? பன்னாட்டு விமானப் பயணத்துக்கு நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத்தான் தொலைந்ததாகக் கொள்ளலாம், நிறுவனமே ஒப்புக்கொண்டால் ஒழிய. உங்கள் பயணமோ 18 நாள்.

இவ்வளவு சொல்லியும் தங்கை மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். திரும்பும்போது நீங்கள் வாங்கியதை வைக்க அவர் பெட்டி உதவும். ஆனால் படி வந்தால் அதன் அடியைப் பிடிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

அன்புடன்.