ஊரில் வராத ஏக்கம் தாராவியில் ஏன் வந்தது?

கேள்வி: மும்பை தாராவியில் வசிக்கிறோம். என் தம்பிக்கு வயது 24. மூன்று ஆண்டுகள் பிரவுன் சுகர் புகைத்தவன், திருநெல்வேலிப் பக்கம் தாத்தா வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது அந்த நினைப்பே வரவில்லை என்றான். திரும்பிய அன்றே ரயில் நிலையப் பாலத்தில் கை நடுங்கி, மூக்கு ஒழுகி, கொட்டாவி விட்டான். சொன்னது மறக்கிறது, சின்ன முடிவுகூட எடுக்க முடியவில்லை. ஊரில் பொய் சொன்னானா? மூளை கெட்டுவிட்டதா? ஒன்றரை லட்சத்துக்கு நிரந்தரமாகக் குணமாக்கும் மையத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: உங்கள் தம்பி ஊரில் சொன்னதும் உண்மை, பாலத்தில் அவருக்கு நேர்ந்ததும் உண்மை. பிரவுன் சுகரில் உள்ள ஹெராயின் புகையாக உள்ளே போன சில நொடிகளில் மூளையை எட்டி, அங்கே மார்பினாக மாறி, டோபமின் என்னும் வேதிப்பொருளைப் பெருகச் செய்கிறது. அப்போது மூளை சுகத்தை மட்டும் பதிந்துகொள்வதில்லை. அதற்குச் சற்று முன் கண்ணில் பட்ட பாலத்துப் படிக்கட்டு, சிகரெட் பெட்டியிலிருந்து உரித்த வெள்ளித் தாள், அதன் அடியில் பிடித்த தீக்குச்சியின் வாடை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பதிந்துகொள்கிறது. பின்னாளில் அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டாலும், போதைப்பொருள் உடலில் துளியும் இல்லாத நிலையில்கூட, கொட்டாவியும் மூக்கொழுகலும் வரக்கூடும் என்பதை 1940களிலேயே அமெரிக்காவின் லெக்சிங்டன் மருத்துவமனையில் மருத்துவர் ஆபிரகாம் விக்ளர் கவனித்தார்.

வியட்நாம் போரின்போது ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களில் பெரும்பாலோர் தாய்நாடு திரும்பியபின் மறுபடி அடிமையாகவில்லை என்று ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970களில் காட்டினார். அவர்கள் போதை பழகிய இடத்தை விட்டு வந்தவர்கள். உங்கள் தம்பி போதை பழகிய இடத்துக்கே வந்திருக்கிறார்.

மறதியும் தடுமாற்றமும் இந்தப் பழக்கத்தில் வழக்கமாகக் காண்பவை. கவனத்தை நிறுத்துவதும், நாளைக்கு வரும் பெரிய நன்மைக்காக இன்றைய சிறு சுகத்தைத் தள்ளிப்போடுவதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியின் வேலை. ஹெராயின் அதை மந்தமாக்குகிறது. விலகியிருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். ஆனால் தம்பி வெள்ளித் தாளில் சூடாக்கிப் புகைத்தவர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் புகையால் மூளையின் வெண்பகுதி சிதையும் அரிய நோய் ஒன்று உண்டு. 1982இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதில் மறதியைவிடப் பேச்சுக் குழறலும் நடைத் தள்ளாட்டமுமே முன்னே வரும். புகைப்பதை நிறுத்திய பிறகும் அது முற்றலாம். எனவே குடித்தவர்போல் நாக்குக் குழறினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, "போதை தெளியவில்லை" என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. எடுங்கள். இவை இல்லையென்றால் இந்த நோயை நினைத்து அஞ்ச வேண்டாம்.

அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நிரந்தரக் குணம் என்று எழுதித் தரும் மருத்துவர் எவரும் இல்லை. அப்படிப் பேசுபவர் பெரும்பாலும் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குபவர். மூன்று மாதம் அறையில் பூட்டி வைத்தால் ஏக்கம் வராதுதான், ஏனெனில் பாலமும் வெள்ளித் தாளும் அங்கே இல்லை. அந்த அமைதியைக் குணம் என்று காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு ஆளை அதே பாலத்தடியில் இறக்கிவிடுகிறார்கள். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது. இரவில் வேனில் வந்து தூக்கிப்போகிறோம் என்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

உங்களுக்கு அருகிலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. அதன் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். ஏக்கத்தை அடக்கும் பியூப்ரினார்பின், போதை ஏறவிடாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று உறவினர் சொல்வதைக் கேட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பியூப்ரினார்பினை இலவசமாகத் தரும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்ட மையங்கள் போதையை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கென்றே ஏற்பட்டவை. புகைப்பவர் அங்கே போய்த் திரும்பி வருவதும், தினக்கூலிக்காரர் அன்றாடம் மாத்திரைக்கு நின்று கூலியை இழப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை; ஒருவர் ஊசிக்கு மாறும்வரை காத்திருப்பது என்ன மருத்துவம்?

சில மாதங்களுக்கேனும் அந்தப் பாலத்தைத் தவிர்த்து வேறு வழியில் போகச் சொல்லுங்கள். கையில் ரொக்கம் வேண்டாம். ஏக்கம் அலைபோல் எழுந்து பெரும்பாலும் அரைமணியில் தணியும். அந்த அரைமணி யாராவது உடன் இருக்க வேண்டும். இரண்டு மாத இடைவெளியில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருப்பதால், பழைய அளவை ஒரே ஒரு முறை புகைத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். இதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பியும் எழவில்லையென்றால், முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தைப் போக்காமல் உடனே 108ஐ அழைத்து, ஹெராயின் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஹெராயினின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி வேண்டும் என்று கேளுங்கள்.