பங்காளின்னு கூப்பிடுறவன் எல்லாம்

தம்பி, மேலூர்ல இருந்து சிங்கப்பூர் வந்து ரெண்டு மாசம். ரூம்ல ஒரு அண்ணன் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கைமாத்து கேட்கிறாரு, ஊர்ல கூடப்பிறந்த அண்ணன் பவர் எழுதி அனுப்பச் சொல்றாரு, யாரை நம்புறதுன்னு கேட்டிருக்கீங்க. சாப்பாடு, சிம் கார்டு விவரமெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை நம்மாளுங்க கூடுற தேக்காவுல (லிட்டில் இந்தியா) நின்னா தானா தெரிஞ்சிரும்.

நம்மூர்ல பங்காளின்னா சொத்துல பங்குள்ளவன். வரப்புக்குச் சண்டை போடுவான், சாவுன்னா மொத ஆளா நிப்பான். இங்க ஒரு டீ வாங்கிக் கொடுத்தவனும் பங்காளிதான். இந்தப் பங்காளிக்குத் தீட்டும் இல்லை, மொய் நோட்டும் இல்லை.

அதனால கணக்கு நோட்டை நீங்க போடுங்க. திரும்பி வராட்டியும் தாங்குற தொகையை மட்டும் கொடுங்க. கையில வேணாம், பேநௌவுல (போன் நம்பருக்கே பேங்க் பணம் அனுப்புற வசதி) அனுப்புங்க. வாங்கினதையும் தர்ற தேதியையும் அவரே வாட்ஸப்புல எழுதட்டும். வட்டி பேசாதீங்க, உரிமம் இல்லாத வட்டித் தொழில்னு ஆயிரும். ஏடிஎம் கார்டு, சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசு இணையச் சேவைக்கான அடையாளக் கணக்கு) ரெண்டையும் எந்த அண்ணனுக்கும் கொடுக்காதீங்க. மோசடிப் பணம் உங்க கணக்கு வழியாப் போனா போலீஸ் தேடி வர்றது உங்களைத்தான், அவரை இல்லை.

வீரமாகாளியம்மன் கோயில், அங்குலியா பள்ளிவாசல், ஓஃபிர் ரோட்டுல 1888ல கட்டின லூர்து மாதா கோயில், எங்க வேணாலும் போங்க. சாமி, பாய், பிரதர்னு கூப்பிட்டு வரிசையில இடம் விடுவாங்க, பேர்கூடக் கேட்க மாட்டாங்க. ஆனா அந்தப் பழக்கத்துல எவனாவது சீட்டு ஆரம்பிச்சா எந்திரிச்சிருங்க. பக்கத்து மலேசியாவுல கூட்டுச் சீட்டை 1971லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. இருபது வருசம் இருந்தவங்களே இன்னும் ஏமாறுறாங்க, கேட்டா 'நம்மாளு'ம்பாங்க.

கூடப்பிறந்தவருக்குப் பொது பவர் வேணாம். சர்வே நம்பரும் செய்ய வேண்டிய அந்த ஒரு வேலையும் மட்டும் எழுதின தனி பவர் போதும். இந்தியத் தூதரகத்துல அதிகாரி முன்னால கையெழுத்துப் போடணும். பத்திரம் ஊர் போய்ச் சேர்ந்த 3 மாசத்துக்குள்ள அங்க முத்திரைத் தீர்வை கட்டணும். தவறினா பத்திரம் செல்லாம இழுக்கடிக்கும். அப்பப்ப பதிவுத்துறை இணையத்துல வில்லங்கம் பாருங்க, காசில்லை. அண்ணன்கிட்ட சொல்லிட்டே பாருங்க, ஒளிச்சுப் பார்த்தாத்தான் மனசு முறியும்.

தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காதோன்னும் கடைசியில எழுதியிருந்தீங்க. மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்தி வர்ற அழகருக்குத்தான் மதுரையே எதிர்சேவை வைக்குது. சீரை முன்னாடியே அனுப்பிருங்க. மொய் நோட்டுல அப்பா பேருக்குக் கீழ சேர்க்காம உங்க பேர்ல தனியா எழுதச் சொல்லுங்க.